பிள்ளைக்காம்பராவின் சிவப்புக் கோடு

05.02.2025, புதன்

தனுஷிகாவின் அம்மாவுக்கு,

இந்தக் கொப்பி இனி ஒவ்வொரு நாளும் பிள்ளையின் பையில் வரும். காலையில் நீங்கள் பிள்ளையை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போன பிறகுதான் நான் வருகிறேன். பின்னேரம் நீங்கள் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது நான் குவார்ட்டர்ஸுக்குப் போய்விடுகிறேன். வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விடுகிற இந்தப் பிள்ளைக்காம்பராவில் படிப்பிக்கத் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. உங்கள் முகத்தைக்கூட நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. ஆகவே எழுதுகிறேன்.

தனுஷிகா கெட்டிக்காரப் பிள்ளை. பாட்டெல்லாம் ஒருதரம் சொன்னால் போதும். ஆனால் காலைப் பார்க்கச் சகிக்கவில்லை. விரல் இடுக்கிலெல்லாம் செம்மண். கை நகத்துக்குள் கறுப்பு. நேற்று முன்தினம் அந்தக் கையோடுதான் சோற்றில் கை வைத்தாள்.

வாசலில் சிவப்புப் பெயின்றால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். நான் வந்ததும் பதினேழு பிள்ளைகளும் கோட்டுக்கு வெளியே வரிசையாக நிற்க வேண்டும். கால், கை, நகம் பார்ப்பேன். சுத்தமான பிள்ளை கோட்டைத் தாண்டலாம். அழுக்கான பிள்ளை வெளி விறாந்தையிலேயே நிற்கும். அடிப்பதில்லை, ஏசுவதில்லை. நிற்கட்டும், அவ்வளவுதான்.

தண்ணீர்ப் பீப்பாய் டிராக்டரில் ஒன்பது மணிக்குப் பிறகுதான் இங்கே வருகிறது. அதனால் வீட்டிலேயே கழுவி அனுப்புங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் சவர்க்காரப் பெட்டி ஒன்று கொடுத்திருக்கிறேன். தனுஷிகாவின் பெட்டியில் வண்ணத்துப்பூச்சி ஒட்டியிருக்கும். இந்த மாதக் கடைசியில் கொழும்பிலிருந்து பிள்ளைக்காம்பராக்களைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள்.

சிவனேஸ்வரி ஜதீஸ்வரன்

06.02.2025

டீச்சருக்கு வணக்கம்.

நான் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் படித்தவள்தான். கொப்பியை வாசிக்க வேறு ஆள் தேட வேண்டியதில்லை.

எங்கள் லயத்துக்குப் பன்னிரண்டு வீடு, ஒரு பைப். இப்போது மழை இல்லை. விடிய நாலரைக்கு அரை மணித்தியாலம் தண்ணீர் வரும். அதில் குடிக்கப் பிடிப்பதா, சமைக்கப் பிடிப்பதா, கால் கழுவப் பிடிப்பதா? ஆறரைக்குப் பிரட்டுக்களத்தில் பேர் கொடுக்காவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. அதனால் ஆறேகாலுக்கே பிள்ளையைப் பிள்ளைக்காம்பரா ஆயா சின்னம்மாவிடம் விட்டுவிட்டு ஓடுகிறேன். சின்னம்மா பாவம், தொட்டில் பிள்ளைகள் ஆறைப் பார்த்துக்கொண்டு தனியாகக் கிடந்து அல்லாடுகிறது.

நான் கழுவித்தான் அனுப்புகிறேன் டீச்சர். லயத்திலிருந்து பிள்ளைக்காம்பராவுக்கு வருகிற பாதை எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் ஒருநாளும் அந்தப் பக்கம் வந்ததில்லை. பனியில் நனைந்த செம்மண். பத்து அடி வைத்தால் முழங்கால் வரைக்கும் அப்பிக்கொள்ளும். தூக்கிக்கொண்டு வரலாமென்றால், "நான் பெரிய புள்ள, எறக்கி விடும்மா" என்பாள்.

நேற்று ஒன்றரை மணித்தியாலம் வெளியே நின்றிருக்கிறாள். மற்றப் பிள்ளைகள் உள்ளே பாட்டுப் பாடினார்களாம். இவளும் வெளியே நின்று பாடினாளாம்.  பிள்ளையின் அப்பா கொழும்பில் கடையில் நிற்கிறார், அவரிடம் இதைச் சொல்லவும் மனம் வரவில்லை.

கரச்சல் கொடுக்க எழுதவில்லை. அங்கே வந்த பிறகு ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

விஜயகலா

07.02.2025

தனுஷிகாவின் அம்மாவுக்கு,

உங்கள் கோபம் விளங்குகிறது. ஆனால் ஒரு பிள்ளைக்கு விட்டுக்கொடுத்தால் பதினேழு பிள்ளைக்கும் விட்டுக்கொடுக்க வேண்டும்.

நேற்றுப் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னேன். கிருமிப் பூதம் என்று ஒன்று இருக்கிறது. அழுக்கு நகத்துக்குள் ஒளிந்திருக்கும். சோற்றோடு வயிற்றுக்குள் போய், உள்ளே இருந்து கடிக்கும். கழுவாத பிள்ளையைத்தான் தேடும். யாரிடமாவது அதைப் பற்றிச் சொன்னால் இரண்டு மடங்கு கடிக்கும். படமும் கீறிக் காட்டினேன்.  இன்றைக்கு வரிசையில் பதினேழில் பதினைந்து பேருக்குச் சுத்தமான கை. ஐந்து மாதமாகப் பாட்டுப் பாடிக் கிடைக்காதது ஒரே நாளில் கிடைத்தது.

தனுஷிகாவின் காலைப் பற்றி இனி நீங்கள் யோசிக்க வேண்டாம். பிள்ளை பழகிவிடும்.

சிவனேஸ்வரி

13.02.2025

டீச்சருக்கு,

முதலில் நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேனோ என்று அன்றைக்கே யோசித்தேன். காலையில் சேற்றுக் காலோடு விட்டுவிட்டு ஓடுகிறேன். பின்னேரம் வந்து பார்த்தால் குதிகால் வரைக்கும் தேய்த்துக் கழுவிய கால். நகத்தில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. ஒரு வாரமாக நீங்கள் கழுவிவிடுகிறீர்கள். நீங்கள் சொல்லிக்காட்டாமல் செய்தீர்கள் பாருங்கள், அது எனக்குப் பெரிது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளை சரியில்லை டீச்சர். சோற்றைப் பிசைந்து வைத்தால் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். "இன்னும் இருக்கும்மா, உள்ளுக்க இருக்கு" என்கிறாள். எது என்று கேட்டால் வாயை மூடிக்கொள்கிறாள். தூக்கத்தில் விரலைச் சட்டையில் துடைக்கிறாள். என் கையால் ஊட்டினாலும் என் நகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறாள். கொழுந்து பறிக்கிற கை, கறை போகாது. அவளுக்கு அது எங்கே விளங்கும்? அந்தக் கதையைக் கொஞ்சம் குறையுங்கள்.

சோப்பில் சாம்பல் நிறத்தில் ஏதோ களி ஒட்டிக்கொண்டு வருகிறது. பீப்பாய்க்குப் பக்கத்தில் மண் போட்டிருக்கிறீர்களா? எங்கள் பக்கம் எல்லாம் சிவப்பு மண்தான், அதனால் கேட்டேன்.

விஜயகலா

14.02.2025, வெள்ளி

தனுஷிகாவின் அம்மாவுக்கு,

பிள்ளையைச் சின்னம்மா உங்கள் கையில் தந்திருப்பா. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. இதை முதலில் வாசியுங்கள், பிறகு மற்றதை வாசியுங்கள். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை.

நான் ஒருநாளும் தனுஷிகாவின் கால் கழுவிவிட்டதில்லை. எட்டு மணிக்கு நான் வரும்போது அவள் கோட்டுக்கு வெளியே சுத்தமான காலோடு நிற்பாள். நீங்கள்தான் எப்படியோ கழுவி அனுப்புகிறீர்கள் என்று நினைத்தேன். எழுதி எழுதித் தாயைத் திருத்திவிட்டேன் என்று மனதுக்குள் பெருமைப்பட்டும் இருக்கிறேன்.

இன்று காலை வரிசையில் பதினாறு பேர். தனுஷிகாவின் பை ஆணியில் தொங்கியது. பை இருக்கிறது, பிள்ளை இல்லை. கொப்பியை எடுத்து உங்கள் கடிதத்தை வாசித்தேன். நன்றி என்ற இடத்தைத் திரும்பவும் வாசித்தேன். நீங்களும் கழுவவில்லை, நானும் கழுவவில்லை. பீப்பாய் காலி. அப்படியானால் ஒரு வாரமாக இந்தப் பிள்ளை எந்தத் தண்ணீரில் கழுவினாள்?

சாம்பல் களி என்று எழுதியிருந்தீர்களே, சின்னம்மாவிடம் அதைக் கேட்டேன். அந்த மனுசிக்கு முகம் செத்துப் போனது. "ஐயோ டீச்சர், அது குழிக் களி. மாணிக்கக் குழியில மட்டுந்தான் அந்தக் களி இருக்கும்" என்று தலையில் அடித்துக்கொண்டா.

றப்பர் மரங்களுக்குக் கீழே வெளியாட்கள் களவாக மாணிக்கக் கல் தோண்டிவிட்டு மூடாமல் போன குழி. உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பிள்ளைக்காம்பராவிலிருந்து மூன்று நிமிட நடை. நான் ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியவில்லை.

குழி நிறையத் தண்ணீர். ஓரத்தில் மண் சரியாமல் இருக்க அடுக்கிய மரங்களில் ஒன்று தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த மரத்தில் தனுஷிகா குந்தியிருந்தாள். பக்கத்தில் வண்ணத்துப்பூச்சிப் பெட்டி. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கூப்பிட வாயைத் திறந்தேன். அப்படியே மூடிக்கொண்டேன். என் குரல் கேட்டால் அவள் எப்படித் திடுக்கிட்டு எழும்புவாள் என்று எனக்குத் தெரியும். ஐந்து மாதமாக நான் பழக்கியது அதைத்தான். அவள் எழும்பினால் அந்த மரம் தாங்காது, அல்லது கால் வழுக்கும். எனக்கு நீந்தத் தெரியாது. அம்மா, அந்த நேரம் எனக்கு இருந்த பயத்தை இந்தக் கொப்பியில் எழுத முடியாது.

நிலத்தில் குந்தினேன். களியை அள்ளி என் காலிலும் கையிலும் சேலையிலும் பூசினேன். பிறகு மெல்ல, பாட்டுச் சொல்லுகிற மாதிரிச் சொன்னேன்: "தனு, இங்க பாருங்கோ, டீச்சரின்ட கால் எல்லாம் ஊத்தையாப் போச்சு. பூதம் வரப்போகுது. எனக்குக் கழுவத் தெரியேல்ல. நீங்கள் வந்து கழுவி விடுறீங்களோ?"

அப்போதும் எனக்குப் பூதம்தான் தேவைப்பட்டது.

திரும்பிப் பார்த்தாள். என்னைக் கண்டு பயப்படவில்லை. எனக்காகப் பயந்தாள். "அசையாதீங்க டீச்சர், நான் வாறேன்" என்று சொல்லிக்கொண்டு மரத்தில் தவழ்ந்து வந்தாள். பாதியில் ஒரு முழங்கால் வழுக்கியது. பெட்டி தண்ணீருக்குள் விழுந்தது. திரும்பி அதை எடுக்கக் கையை நீட்டினாள். "பெட்டி வேண்டாம் குஞ்சு, என்ட கால், என்ட கால்" என்று கெஞ்சினேன். வந்தாள். கைக்கு எட்டியதும் பிடித்தேன். எவ்வளவு நேரம் அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. "பயப்படாதீங்க டீச்சர், நான் தேச்சு விடுறேன், பூதம் போயிரும்" என்று என் நகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

இதை எழுதாமல் விட்டிருக்கலாம். சின்னம்மா யாரிடமும் சொல்லமாட்டா. எழுதாமல் இருக்க முடியவில்லை.

சிவனேஸ்வரி

16.02.2025, ஞாயிறு

டீச்சருக்கு,

இரண்டு நாளாக எழுதிக் கிழித்தேன்.

பிள்ளையை இனி அனுப்பமாட்டேன். நாளையிலிருந்து மலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அட்டை கடித்தால் கடிக்கட்டும், கங்காணி ஏசினால் ஏசட்டும். சாக்கைப் போட்டு என் கண் முன்னால் உட்கார வைத்துக்கொள்கிறேன்.

அந்தக் குழியை எனக்குத் தெரியும். போன வருடம் அதில் ஒரு மாடு விழுந்தது. நாலு ஆம்பிளைகள் கயிறு போட்டு இழுத்தும் உயிரோடு எடுக்க முடியவில்லை. அந்தத் தண்ணீரில் என் பிள்ளை ஒரு வாரம் கால் கழுவியிருக்கிறாள். நான் அதற்கு உங்களுக்கு நன்றி எழுதினேன். 

எனக்கு என் மேலும் கோபம்தான். "யாரு கண்ணு கழுவி விட்டா?" என்று ஒரு வார்த்தை பிள்ளையிடம் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. படித்த டீச்சர் என் பிள்ளையின் காலைத் தொட்டுக் கழுவுகிறார் என்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோசம்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு வயிற்றுக்குள் இருந்து கடிக்கிற பூதத்தை ஏன் சொன்னீர்கள்? உங்கள் ஊரில் பிள்ளைகளை இப்படித்தான் வளர்ப்பார்களா? நாங்கள் லயத்து ஆட்கள், எங்களுக்குப் பயம் காட்டினால்தான் சுத்தம் வரும் என்று நினைத்தீர்களா?

விஜயகலா

19.02.2025, புதன்

தனுஷிகாவின் அம்மாவுக்கு,

பிள்ளை வராததால் கொப்பியைச் சின்னம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கேட்டீர்கள், சொல்கிறேன். இங்கே ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. என் கணவருக்கும் அரைகுறையாகத்தான் தெரியும்.

சண்டை முடிந்த வருடம் எனக்குப் பதினைந்து வயது. முள்வேலி போட்ட முகாமில் ஒரு கூடாரத்துக்குள் பதினொரு பேர் இருந்தோம். தண்ணீருக்கு வரிசை, கக்கூசுக்கு வரிசை. என் தம்பி சுதாகரனுக்கு நாலு வயது. அம்மா வரிசையில் நிற்கப் போனால் அவனைப் பார்க்கிறது என் பொறுப்பு. மண்ணில் விளையாடிவிட்டு வந்து பிஸ்கட் கேட்டான். கழுவத் தண்ணீர் இல்லை. பாவாடையில் துடைத்துவிட்டுக் கொடுத்தேன். அன்று பின்னேரம் வயிற்றோட்டம் தொடங்கியது. மூன்றாம் நாள் அவன் இல்லை. பிஸ்கட்டால்தானா, வேறு எதனாலோ என்று எந்த டொக்டரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று நானே முடிவெடுத்துக்கொண்டேன்.

நீங்கள் லயத்து ஆட்கள் என்பதால் பயம் காட்டவில்லை. என் பயத்தைத்தான் பதினேழு பேருக்கும் பங்கு வைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் நீங்கள் கேட்டதில் உண்மை இல்லாமல் இல்லை. லயத்துப் பக்கம் ஒருநாளும் வந்ததில்லை என்றீர்களே, அந்த வரிசை வரிசையான கதவுகளைத் தூரத்தில் கண்டாலே எனக்கு முகாம் ஞாபகம் வந்துவிடும். லயம் தெரியத் தொடங்குகிற பாதை வளைவோடு திரும்பிவிடுவேன்.

சிவப்புக் கோட்டை மண்ணெண்ணெய் போட்டுச் சுரண்டிவிட்டேன். இப்போது ஆறு மணிக்கே வருகிறேன். குவார்ட்டர்ஸ் பைப்பில் இரண்டு கான் தண்ணீர் பிடித்து என் கணவர் சைக்கிளில் கொண்டுவந்து தருகிறார். ஒவ்வொரு பிள்ளையின் காலையும் நானே கழுவுகிறேன்.

பூதத்தைப் பற்றி மட்டும் பிள்ளைகளிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. பொய் என்று சொன்னால் கழுவுகிறதையே விட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. கொஞ்ச நாள் போகட்டும், தானாக மறந்துவிடுவார்கள். குழியை மூடச் சொல்லித் தோட்டத்து ஒபிசுக்கு அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

தனுஷிகா சாப்பிடுகிறாளா? அதை மட்டும் எழுதுங்கள்.

சிவனேஸ்வரி

23.02.2025, ஞாயிறு, பின்னேரம்

டீச்சர்,

இதைத் திரீவீல் ஓட்டுகிற ஹில்மியிடம் கொடுத்தனுப்புகிறேன். லயத்தில் போனுக்குக் கவரேஜ் இல்லை. இங்கே மூன்று வீட்டுப் பிள்ளைகள் விடாமல் அழுகிறார்கள், அவர்களை விட்டுவிட்டு என்னால் குவார்ட்டர்ஸ் வரைக்கும் வர முடியவில்லை.

தம்பியைப் பற்றி நீங்கள் எழுதியதை நாலு தரம் வாசித்தேன். அதற்குப் பிறகு ஆற அமர எழுதலாம் என்று இருந்தேன். இப்போது நேரம் இல்லை.

ஒபிசில் மூடுவார்கள் என்று காத்திருந்தால் அடுத்த மழைதான் மூடும். நேற்றுத் தோட்டத் தலைவர் நாகலிங்கத்திடம் சொன்னேன். இன்றைக்குப் பகல் லயத்து ஆம்பிளைகள் ஏழெட்டுப் பேர் குழியைச் சுற்றி வேலி போடப் போனார்கள். நானும் போனேன். முள்ளையும் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கொப்பையும் இழுத்துப் போட்டோம். ஓரத்தில் கெக்கில்லை என்கிற காட்டுப் புதரை வெட்டும்போது நாகலிங்கம் அண்ணன், "ஏய், இது என்னா?" என்றார்.

சோப்புப் பெட்டி, டீச்சர். ஒன்று இல்லை, மூன்று. முயல், குடை, ரயில். புதருக்குள் ஒரு தட்டைக் கல்லின் மேல் வரிசையாக வைத்திருந்தது. மூடியெல்லாம் ஒழுங்காக மூடி, படமெல்லாம் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி. பாவித்த சாமானை ராக்கைத் தட்டில் அடுக்கி வைக்க நீங்கள் பழக்கினீர்களே, அப்படியே இருந்தது. என் பிள்ளை தனியாகப் போகவில்லை. நாலு பேரும் போயிருக்கிறார்கள்.

திறந்து பார்த்தேன். முயல் பெட்டியில் சோப்பு காய்ந்து வெடித்திருந்தது. குடையும் அப்படித்தான். ரயில் பெட்டிச் சோப்பு ஈரம். நுரைகூடப் போகவில்லை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைக்காம்பரா பூட்டு, கழுவிவிட நீங்கள் இல்லை, லயத்துப் பைப்பில் தண்ணீர் இல்லை. ஒரு பிள்ளை இன்றைக்குக் காலையில் அங்கே போயிருக்கிறது. நாங்கள் எல்லாரும் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்த நேரத்தில்.

மூன்று வீட்டுக்கும் போனோம். பிள்ளைகள் இருக்கிறார்கள், உயிரோடு இருக்கிறார்கள். பெட்டிகளை நீட்டிக் கேட்டால் ஒன்றும் வாய் திறக்கவில்லை. தாய்மார் கெஞ்சினார்கள். ஒருத்தி அடித்தும் பார்த்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு தலையை ஆட்டுகிறதுகள். சொன்னால் இரண்டு மடங்கு கடிக்கும் என்றீர்களே. கடைசியில் தனுதான் என் காதில் சொன்னாள்: "எங்கள அடிக்காதீங்கம்மா. டீச்சர் சொன்னா மட்டுந்தாம்மா பூதம் கேக்கும்."

நாங்கள் போட்ட வேலி பெரியவர்களைத்தான் தடுக்கும். நாலு வயதுப் பிள்ளை அடியால் நுழைந்துவிடும். நாளை விடிகிறதற்கு முதல் இந்தப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும். நான் சொன்னால் நம்பமாட்டார்கள், பெற்ற தாய் சொன்னாலும் நம்பமாட்டார்கள். பூதம் செத்துப்போனது என்று சொல்லாதீர்கள், இன்னொரு பூதம் வரும் என்று நினைப்பார்கள். பொய் சொன்னேன் என்று சொல்லுங்கள். உங்கள் வாயால் சொல்லுங்கள்.

கதவுகளைப் பார்க்கப் பயம் என்றால் பார்க்க வேண்டாம். அந்த வளைவில் நான் டோர்ச் வைத்துக்கொண்டு நிற்கிறேன். என் கையைப் பிடித்துக்கொண்டு வாருங்கள்.

தனு வெள்ளிக்கிழமை அரைத் தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

ஹில்மியை உங்கள் வாசலிலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன். பதில் எழுத வேண்டாம் டீச்சர், இருக்கிறபடியே ஏறி வாருங்கள். இறங்கினால் மண்தான், முழங்கால் வரைக்கும் அப்பும். கால் கழுவ எங்கேயும் நிற்க வேண்டாம்.

விஜயகலா